பஞ்சரான சக்கரமும் முஸாபிரின் உரிமையும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால், சுப்ஹு தொழுகை முடிந்த கையோடு தேங்காய்ப்பட்டணத்துத் தெருக்களில் வேன்கள் வந்து நிற்கத் தொடங்கும். மூணாறு, கொடைக்கானல் என்று சில குடும்பங்கள். நாகூர், ஏர்வாடி என்று வேறு சில குடும்பங்கள். எரிவாயு அடுப்பு, அரிசி, பாய், குழந்தைகளின் பால்புட்டி என வீட்டில் பாதி வண்டியில் ஏறிவிடும். மேலை நாடுகளில் படுக்கையும் சமையலறையும் கொண்ட வாகனங்களில் ஊர் சுற்றுகிறார்கள். அண்டை மாநிலமான கேரளம் 2021-இல் காரவான் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. நமக்கோ அந்த நடமாடும் வீடு வாடகை வேன்தான்.

எங்கே சமைப்பது, எங்கே தொழுவது, எங்கே தங்குவது என்றெல்லாம் ஒரு வாரம் கலந்து பேசும் நாம், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கேட்பதில்லை. அது ஓட்டுநரின் வேலை என்று விட்டுவிடுகிறோம். நடுவழியில் டயர் வெடித்தால் தலைவிதி என்று சொல்லிக்கொள்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது நம்பிக்கை வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருவருக்கு அறிவுறுத்தியதைத் திர்மிதீயில் காண்கிறோம். கட்டுவது முதலில், தவக்குல் அதனோடு சேர்ந்தது. ஒரு குடும்பத்தின் பதினைந்து உயிர்கள் ஏறும் வண்டியின் சக்கரம், ஓட்டுநர் ஒருவரின் பொறுப்பு மட்டுமன்று. பயணத்தை ஏற்பாடு செய்பவரின் அமானிதமும் ஆகும்.

இதற்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றிருந்தால் அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் மேற்புறப் பள்ளங்களின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. காற்று குறைந்த டயர் பாரம் ஏறியதும் பக்கவாட்டில் மடிந்து மடிந்து சூடேறும். வெயிற்காலத்து நெடுஞ்சாலையில் அதுவே வெடிப்பாக முடியும். ஆகவே வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே, ஸ்டெப்னி உட்பட எல்லாச் சக்கரங்களிலும் காற்றைச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். சொந்தக் காரில் செல்வோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ட்யூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் சரிசெய்யும் சாதனம் ஆகியவை உள்ள சிறு பயணியர் வாகனங்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. புதிய காரில் அது இருந்தே தீரும் என்று நாமாக எண்ணிக்கொள்ளலாகாது.

சக்கரம் பழுதானபின் வரும் ஆபத்து அதைவிடப் பெரியது. நின்ற வண்டியின் மீது பின்னால் வரும் லாரி மோதுவதால் உயிர்கள் போகின்றன. இரவில் பாதையின் மீது தங்காமல் விலகித் தங்குமாறு பயணிகளுக்கு நபி (ஸல்) அவர்கள் இட்ட கட்டளை முஸ்லிமில் பதிவாகியுள்ளது. வண்டியை மெல்ல உருட்டியேனும் சாலையின் இடப்புற ஓரத்திற்குக் கொண்டுவர வேண்டும். டயர் பாழானாலும் பரவாயில்லை. எச்சரிக்கை விளக்கை எரியவிட்டு, சிவப்பு முக்கோணத்தை 50 மீட்டருக்குக் குறையாமல் பின்னால் வைக்க வேண்டும்.

அனைவரும் இறங்கித் தடுப்புக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். பர்தாவைக் கருதியும் இருட்டைக் கருதியும் பெண்களையும் குழந்தைகளையும் வண்டிக்குள்ளேயே இருக்கச் சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. நோக்கம் நல்லதுதான், ஆனால் ஜாக்கியில் தூக்கிய வண்டி சரியக்கூடியது, மோதப்படக்கூடியது. உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்று. ஆண்கள் இருவர் துணை நிற்க, பெண்கள் சாலையை விட்டு விலகி அமர்வதில் கண்ணியக் குறைவு ஏதுமில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033 என்ற கட்டணமில்லா எண் உண்டு. ஆரல்வாய்மொழி கடந்து காவல்கிணற்றிலிருந்து வடக்கே செல்லும் நான்குவழிச் சாலை போன்ற சுங்கச் சாலைகளில் ரோந்து வண்டியும் கிரேனும் இந்த எண்ணின் வழியே கிடைக்கும். ஆனால் மூணாற்று மலைப்பாதையிலோ நம் ஊர்ப்புறச் சாலைகளிலோ அந்த வசதியை எதிர்பார்க்க இயலாது. ஆபத்தென்றால் 112 இருக்கிறது. கார் காப்பீட்டில் சிறு தொகை கூடுதலாகச் செலுத்தினால் வழியுதவியும் சேரும். வாடகை வேனுக்கு அது இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுக்கும்போதே உரிமையாளரிடம் கேட்டுவிடுவது நல்லது.

இத்தனைக்கும் மேலாக ஒன்று உண்டு. ஒருவர் தம் வாகனத்தில் ஏற உதவுவதும், அவருடைய சுமையைத் தூக்கி வைப்பதும் தர்மம் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் வந்துள்ள போதனை. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கரையும் குர்ஆன் வைத்திருக்கிறது. அப்படியிருக்க, ஓரமாக நிற்கும் ஒரு குடும்பத்தைக் கடந்து நம் வண்டிகள் நிற்காமல் போகின்றன. இரவில் நிறுத்த அஞ்சுகிறோம் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானதே. இறங்க வேண்டாம், 1033-க்கோ 112-க்கோ அழைத்து, எந்த இடத்தில் வண்டி நிற்கிறது என்று சொல்லலாம். அடுத்த பெட்ரோல் பங்கில் தகவல் தரலாம். அதற்கு இரண்டு நிமிடம் போதும். நின்றிருப்பவர் எந்த மதத்தவர் என்று பார்க்க வேண்டியதுமில்லை.

நம் ஜமாஅத்துகளும் இதில் ஒரு பங்கு ஆற்றலாம். தேங்காய்ப்பட்டணம், குளச்சல், தக்கலை ஆகிய ஊர்களின் ஜமாஅத்துகள், இரவிலும் வரக்கூடிய பஞ்சர் கடைக்காரர்களிடம் சம்மதம் பெற்று, அவர்களின் எண்களைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். திருவனந்தபுரம் விமான நிலையத்திற்கு நள்ளிரவில் புறப்படும் வளைகுடாக் குடும்பங்களுக்கு அது எத்தனை ஆறுதலாக இருக்கும்! இதற்குச் செலவு ஏதுமில்லை. ஒரு ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் அமர்ந்து பேசினால் முடிந்துவிடும்.

நம் பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக. வழியில் நிற்பவருக்குக் கைகொடுக்கும் மனத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.