பெற்றவளைக் கேட்டாயிற்றா?

(இளமறிவியல் விலங்கியல், இரண்டாமாண்டு)

நம் விலங்கியல் ஆய்வுக்கூடத்தின் மூலை அலமாரியில் ஒரு கண்ணாடிச் சாடி உண்டு. பழுப்பேறிய ஃபார்மலினில் ஒரு கருச்சிசு தலைகவிழ்ந்து கிடக்கிறது. முதலாண்டில் அதன் பக்கம் போகவே எங்களில் பலர் அஞ்சினோம். சாடியில் ஒட்டிய தாளில் எழுத்து மங்கி அழிந்துவிட்டது. யார் பெற்ற பிள்ளை, எந்த ஊர், கேட்டு வாங்கினார்களா, கேளாமல் எடுத்து வந்தார்களா? யாருக்கும் தெரியாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022-இல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தின் பணியைப் பற்றிப் படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தச் சாடிதான். பிறவாமலே இறந்த ஐந்து சிசுக்களின் மூளைகளைக் கொண்டு 'தரணி' என்னும் மூளை வரைபடத் தொகுதியை அம்மையத்தார் 2024 டிசம்பரில் வெளியிட்டனர். எல்லாம் கருவின் நான்கு முதல் ஆறு மாதம் வரையிலான மூளைகள். உலகில் எவரும் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

இது எப்படி நடக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள். மூளையை உறையவைத்து, 20 மைக்ரான் கனத்தில், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்கிட்டால் ஒரு பங்கு கனத்தில் சீவுகிறார்கள். கருவின் மூளை இளகிய பதமுடையது. அச்சீவலை நாடாவில் ஒட்டியெடுத்துக் கண்ணாடி வில்லைக்கு மாற்ற வேண்டும். பிறகு சாயமேற்ற வேண்டும். அச்சாயங்களுள் ஒன்று ஹீமடாக்சிலின்-ஈயோசின். நாம் செய்முறை வகுப்பில் எலிக்குடலுக்குப் போடுகிறோமே, அதே சாயம்தான்! இப்படி 5,132 சீவல்கள். மைக்ரோடோம் சக்கரத்தைச் சுற்றி, மெழுகு ரிப்பன் அறுந்து, ஆய்வக உதவியாளரிடம் திட்டு வாங்கிய நம்மவர்க்கு அந்த எண்ணின் பொருள் விளங்கும்.

சரி, எலியை வைத்தே பார்த்துவிடலாகாதா என்பார் சிலர். சுண்டெலியின் மூளைப் புறணி மடிப்பேயின்றி வழவழவென்றிருப்பது. மனித மூளையும் ஆறாம் மாதம் வரை பெரும்பாலும் வழவழப்புத்தான். மடிப்புகள் பெரும்பாலும் அதற்குப் பின்னரே விழுகின்றன. ஆனால் அதற்குள்ளாகவே உள்ளே பெரிய குடிபெயர்ச்சி நடந்தேறுகிறது. மூளையின் நடுக்குழியோரம் பிறக்கும் நரம்புச் செல்கள், தூண்போல் நிற்கும் இழைகளைப் பற்றிக்கொண்டு மேலேறிப் புறணியில் குடியேறுகின்றன. முன்னே போனவற்றைக் கடந்து பின்னே வருபவை மேல்தட்டில் அமர்கின்றன. பாஸ்கோ ராகிச் என்பார் 1970-களின் தொடக்கத்தில் குரங்கின் கருவில் இவ்வேற்றத்தை விவரித்தார். மனிதக் கருவில் இதில் பிசகு நேர்ந்தால் குழந்தைக்கு வலிப்பும் அறிவு வளர்ச்சிக் குறையும் வரலாம். அதை அறிய மனித மூளையைத்தான் பார்த்தாக வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை.

என் ஐயம் வேறு. என் அத்தைக்கு ஆறாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போயிற்று. மருத்துவமனையில் ஒரு தாளை நீட்டினார்கள், கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று எவரும் படித்துச் சொல்லவில்லை. குழந்தையின் முகத்தையும் அவர் பார்க்கவில்லை. வீட்டிலோ, முற்பிறவிப் பாவம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

பொங்கல் விடுமுறையில் கைபேசியில் அந்த மூளைப் படங்களை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "இந்தப் புள்ளைய பெத்தவளக் கேட்டாங்களா கண்ணு?" என்றார். கேட்டுத்தான் வாங்க வேண்டும், விதி அப்படி என்றேன். "என்னையக் கேட்டிருந்தா நானுங் குடுத்திருப்பேன். பாவத்தாலயா, வேற எதுனாலயான்னு தெரிஞ்சிருக்குமில்ல?" என்றார்.

நான் சொன்ன விதி பொய்யன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், ஆய்வுக்கு ஒப்புதலை உரியவருக்குப் புரியும் மொழியிலேயே கேட்டுப் பெற வேண்டும் என்கின்றன. ஆனால் புரியும் மொழி என்பது அச்சடித்த செந்தமிழ்ப் படிவமா? எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியின் கட்டிலருகே அமர்ந்து, அவள் அழுது ஓயும் வரை காத்திருந்து, வாய்ப்பேச்சில் சொல்வதல்லவா? மறுக்கவும் அவளுக்கு உரிமையுண்டு என்று சொல்வதும் அதில் அடங்கும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். ஒரு நுண்ணோக்கிக்குச் செலவிட மனமிருக்கும்போது, இதற்குச் செலவிடவும் மனம் வேண்டுமென்பேன். கொடுத்தபின் கண்டறிந்ததை அவளிடம் திரும்பச் சொல்வதும் வேண்டும். விஞ்ஞானம் உணர்ச்சிக்கு இடங்கொடாது என்று விடுதி நண்பர் ஒருவர் வாதிட்டார். அவர் வீட்டில் எவருக்கும் இது நேரவில்லை போலும்.

நம்மில் இரண்டொருவராவது நாளை இத்தகைய ஆய்வுக்கூடங்களில் பணிக்குச் செல்வோம். கேட்கும் பொறுப்பு அப்போது நம் கைக்கு வரும். இப்போதைக்கு, அந்தச் சாடிக்குப் புதுத்தாள் ஒட்டலாமென்று துறைப் பேராசிரியர் இசைவளித்திருக்கிறார். அதில் என்ன எழுதுவது என்றுதான் நண்பர்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை.