ரேஸ் ஸ்கூல் போங்க, முதல்ல பாலிசியைப் படிங்க

நரேன் கார்த்திகேயன் 1992-ல பிரான்ஸ்ல வின்ஃபீல்டு ரேஸ் ஸ்கூல்ல படிச்சார். 2005-ல ஃபார்முலா 1 ஓட்டினார். அவருக்கு அது தொழில். நமக்கு ஆசை. ஆசைக்குச் செலவு பண்ணலாம், கடன் வாங்கக் கூடாது.

குலசேகரன்பட்டினத்துல ராக்கெட் ஏவுதளமே வருது. ஆனா ரேஸ் பழகணும்னா சென்னை பக்கத்துல இருங்காட்டுக்கோட்டை மாதிரி ஒரு டிராக்குக்குப் போகணும். திருச்செந்தூர்ல ஏறினா ஒரு ராத்திரி ரயில். அதனால 3 நாள் கோர்ஸுக்கு ஃபீஸ் மட்டும் பார்க்காதீங்க. டிக்கெட், ரூம், லீவு எல்லாத்தையும் கூட்டுங்க.

சொந்த பைக்ல போறவங்க கவனிங்க: வழக்கமான வண்டி இன்சூரன்ஸ்ல ரேஸுக்கும் வேகச் சோதனைக்கும் கவர் கிடையாது. டிராக்ல விழுந்தா ரிப்பேர் முழுக்க உங்க கைக்காசு. பல விபத்து பாலிசிகள்லயும் இதே விலக்கு உண்டு.

என் கருத்து: ஸ்கூலே வண்டி தர்ற கோர்ஸ் எடுங்க. சேதமானா யார் கட்டணும்னு எழுத்துல வாங்குங்க. பணத்தை ஆர்.டி.ல சேர்த்துட்டுப் போங்க. 3 நாள் சந்தோஷத்துக்கு 12 மாசம் இ.எம்.ஐ. வேண்டாம்.