தமிழ்ப் பாடத்துக்கு விலக்கு, தமிழுக்குமா?

பள்ளியில் பெற்றோர், ஆசிரியர் சந்திப்பு முடிந்து வரும் சில தமிழ்க் குடும்பங்களில் இப்படி ஒரு பேச்சு எழுவதுண்டு. "பிள்ளைக்கு டிஸ்லெக்சியா இருக்காம். ஆங்கிலத்துக்கே திணறுறான். தமிழுக்கு விலக்கு வாங்கிட்டா பாரம் குறையும்." அடுத்த வாரமே அப்பா, அம்மா, அக்கா எல்லாரும் பிள்ளையிடம் ஆங்கிலத்தில் மட்டும் பேசுகிறார்கள். ஆங்கிலம் சரளமாக வராத பாட்டி, பேரனிடம் பேசுவதையே குறைத்துக்கொள்கிறார்.

இங்கே இரண்டு முடிவுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. தமிழ்ப் பாடத்தையும் தேர்வையும் விடுவது ஒரு முடிவு. தமிழில் பேசுவதை விடுவது வேறொரு முடிவு. முதலாவது சில பிள்ளைகளுக்குத் தேவைப்படலாம். இரண்டாவதற்கு அநேகமாக எந்தக் காரணமும் இல்லை.

இரண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிவிடும் என்ற அச்சம் பழையது. மதியிறுக்கமோ டவுன் சிண்ட்ரோமோ உள்ள பிள்ளைகளை வைத்துப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. இருமொழிச் சூழலில் வளர்பவர்கள், அதே நிலையில் ஒரு மொழி மட்டும் கேட்டு வளர்பவர்களைவிடப் பின்தங்குவதாக அவை காட்டவில்லை. டிஸ்லெக்சியாவோ எழுத்தை வாசிப்பதில் வரும் சிரமம். தமிழ்ப் பேச்சை நிறுத்தினால் அது தீராது.

சிறப்புத் தேவையுள்ள பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட அதிக காலம் குடும்பத்தைச் சார்ந்து வாழக்கூடும். தாத்தா, பாட்டி, அத்தை, மாமா என்று அந்தப் பிள்ளையைச் சுற்றி நிற்கப்போகிறவர்கள் பேசும் மொழியை எடுத்துவிட்டால், துணை அதிகம் தேவைப்படும் பிள்ளைக்குத்தான் துணை குறைந்துபோகும்.

சரி, பள்ளியில் என்ன உதவி கிடைக்கிறது? சிங்கப்பூரில் சிறப்புக் கல்வித் தேவையுள்ள மாணவர்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் வழக்கமான பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். அவர்களுக்கு உதவ அங்கே சிறப்புக் கல்வித் தேவை அதிகாரிகள் இருக்கிறார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களுக்குத் தொடக்கநிலை 1 முதலே ஆங்கிலக் கற்றல் ஆதரவு வகுப்பு உண்டு. டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்குத் தொடக்கநிலை 3, 4ல் சிறு குழுக்களாகப் பயிற்சி தரும் திட்டம் 2012ல் சில பள்ளிகளில் தொடங்கி, இன்று எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் நடக்கிறது. பெற்றோர் நன்றியோடு பயன்படுத்த வேண்டிய ஏற்பாடுகள் இவை.

ஆனால் இந்தப் பயிற்சி நடப்பது ஆங்கில வாசிப்புக்கு. தமிழ் வாசிப்பின் சிக்கல்களோ வேறு. 'கெ' என்பதில் காதுக்கு 'க்' முதலில் கேட்கிறது, 'எ' பின்னால் வருகிறது. கண்ணுக்குத் தெரிவதோ முதலில் ஒற்றைக்கொம்பு. 'கொ' என்றால் குறி எழுத்தின் இரு பக்கமும் நிற்கிறது. கடல், பகல், தங்கம் மூன்றிலும் எழுத்து ஒன்றே, ஒலி வேறு. ல, ள, ழ வேறுபாடு பல வீடுகளில் காதிலேயே விழுவதில்லை. வீட்டில் "வந்துச்சு", பாடநூலில் "வந்தது". 247 எழுத்துகளையும் அட்டவணையாக ஒப்பிக்க வைத்தால் இந்தப் பிள்ளைக்கு ஏறாது. சில எழுத்துகளை மட்டும் எடுத்து, ஒலியோடு சேர்த்து, கையால் தடவி, மணலில் எழுதிப் படிப்படியாகப் போனால் ஏறும். அதற்கு நேரமும் முறையும் தெரிந்த தமிழாசிரியர் வேண்டும்.

ஆகவே பள்ளிகளில் மேம்பட வேண்டிய இடம் இது. பிள்ளையின் உதவித் திட்டத்தைப் பேசும்போது தமிழாசிரியரும் அந்த மேசையில் இருக்க வேண்டும். சிறப்புக் கல்வித் தேவை அதிகாரிக்குத் தெரிந்த உத்திகள் தமிழ் வகுப்புக்கும் வர வேண்டும். சில பள்ளிகளில் தமிழ் மாணவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். அதனாலேயே இதைப் பெற்றோர் வாய்விட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது.

விலக்குக்கு விண்ணப்பிக்கும் முன் பள்ளியிடம் நான்கு கேள்விகள் கேட்கலாம். தாய்மொழி ஆதரவுத் திட்டத்தில் பிள்ளைக்கு இடம் உண்டா? தேர்வில் கூடுதல் நேரம், பெரிய எழுத்தில் அச்சிட்ட வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளுக்குத் தகுதி உண்டா? தொடக்கநிலை 5ல் அடிப்படைத் தமிழ் எடுத்தால் சமாளிக்க முடியுமா? விலக்கு கிடைத்தால் தமிழ் வகுப்பு நேரத்தில் பிள்ளை என்ன செய்யும்?

மதிப்பெண் கணக்கையும் தெரிந்துகொள்வது நல்லது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் விலக்குப் பெற்ற மாணவருக்கும் மொத்த மதிப்பெண்ணைக் கணக்கிட, தாய்மொழிக்கு 6 முதல் 8 வரை ஒரு தரநிலை ஒதுக்கப்படுகிறது. அடிப்படைத் தமிழ் எழுதுபவர் எட்டக்கூடியதும் இதே 6 முதல் 8 தான். விலக்கு வாங்கினால் மதிப்பெண் கூடும் என்று எண்ணி அவசரப்பட வேண்டியதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, பிள்ளைக்கு விலக்குத்தான் நல்லது என்று உளவியலாளரும் ஆசிரியரும் சொன்னால் வாங்குங்கள். அதில் குற்ற உணர்வுக்கு இடமில்லை. பிள்ளை இரவில் அழாமல் தூங்குவது எந்தப் பாடத்தைவிடவும் பெரிது. உறவினர் "தமிழப் பிள்ளைக்குத் தமிழ் வேண்டாமா?" என்று கேட்டால், வீட்டில் பேசுகிறோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

சொன்னபடி பேசவும் வேண்டும். சாப்பாட்டு மேசையில், மின்தூக்கியில், காய்கறி வாங்கும்போது, பாட்டியோடு தொலைபேசியில். எழுத்துக்கூட்ட முடியாத பிள்ளைக்கும் கதை கேட்கத் தெரியும், கேலி செய்யத் தெரியும், பசிக்குது என்று சொல்லத் தெரியும். அந்தத் தமிழுக்கு எந்த அறிக்கையும் விண்ணப்பமும் தேவையில்லை.