எதிரே வருபவரின் கண்கள்

இருள் சூழ்ந்த தெருவிலே கார் செலுத்துவோர் ஓர் இக்கட்டை அறிவர். பெருவெளிச்சத்தைப் பாய்ச்சினால் எதிரே வருபவர் கண்கூசித் தடுமாறுவார். தாழ்த்தினாலோ தெருவோரம் நடந்து செல்பவர் உரிய வேளையில் கண்ணிற் படார். எந்தத் தீங்கை ஏற்பது?

1967ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டின் சித்ரொயன் நிறுவனத்தார் தமது டி.எஸ். காரில் ஒரு புதுமை செய்தனர். கண்ணாடி மூடிக்குள் அமைந்த உள்விளக்குகள் இரண்டும், சாரதி வண்டியைத் திருப்பும் பக்கத்துக்கே தாமும் திரும்பின. கார் வளைவினுள் நுழையுமுன் வெளிச்சம் நுழைந்துவிடும். அமெரிக்காவுக்குச் சென்ற கார்களில் மாத்திரம் இவ்வசதி இல்லை. காற்றுப்புகாது மூடிய வட்ட விளக்கே வேண்டும் என்று 1940 முதல் அங்கு வழக்கிலிருந்த விதி, விளக்கின் வடிவையே கட்டிப்போட்டிருந்தது. அதிலும் ஒரு நியாயம் உண்டு: எந்த ஊரிலும் அதே விளக்கை வாங்கி மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

பின்னாளில் விளக்குக்குக் கண்ணும் கிடைத்தது. காரின் முன்னுள்ள கமெரா எதிரே வரும் வண்டியைக் கண்டதும், பல சிற்றொளிகளாகப் பிரிந்த பெருவெளிச்சத்தில் அந்த வண்டியை நோக்கியவை மட்டும் அணைந்துவிடும். ஏனைய இடமெல்லாம், நடைபாதை உட்பட, ஒளி குன்றாது. ஐரோப்பா இதனை ஏற்றுக்கொண்டது. அமெரிக்க விதியோ அப்போது பெருவெளிச்சம், தாழ்வெளிச்சம் என்ற இரண்டை மட்டுமே அறிந்திருந்தது. இரண்டும் கலந்த ஒன்றை அறிந்திருக்கவில்லை. 2013இல் டொயோட்டா நிறுவனம் விதியைத் திருத்துமாறு விண்ணப்பித்தது. 2018இல் வரைவு வெளிவந்தது. 2021 நவம்பரில் பேரவையே சட்டமியற்றிக் கெடு விதித்தது. 2022 பெப்ரவரியிலே புதிய விதி பிறந்தது.

இத்தாமதத்தை வெறும் சோம்பல் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. கமெரா ஒருமுறை பிழைத்தால் எதிரே வருபவர் குருடாவார். ஆதலால் காரை ஓடுபாதையில் ஓட்டி, எதிரே வருபவர் கண்ணில் விழும் ஒளியை அளக்க வேண்டும் என்றது விதி. 120 மீற்றருக்கு அப்பால் 0.3 லக்ஸ், அருகில் 15 மீற்றர் தூரத்தில் 3.1 லக்ஸ், இதற்கு மேல் ஆகாது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் ஐரோப்பியச் சோதனை வேறு வகையினது. அங்கே தேறிய விளக்கு இங்கே அப்படியே செல்லாது.

அதுவரை அமெரிக்காவில் விற்பனையான சில ஐரோப்பியக் கார்களில் அந்த விளக்குகள் பொருத்தப்பட்டே இருந்தன. எதிர்வண்டியை ஒதுக்கி ஒளிரும் ஆற்றலை மட்டும் முடக்கி வைத்திருந்தார்கள்.