நெல் மூட்டைக்கு இடமில்லாத ஹோல்

பெரும்போக அறுவடை முடிஞ்ச கையோட தம்பலகாமத்து வீடுகளுக்குள்ள வந்து பாருங்க. ஹோலில் கதிரை ஒரு மூலைக்குப் போயிருக்கும், மிச்ச இடமெல்லாம் நெல் மூட்டை. நல்ல விலை வரும்வரை அது அங்கதான்.

எங்கட குழுவில் உள்ள தங்கச்சி ஒருத்தி கொழும்பில் உள்ளக வடிவமைப்புப் படிக்கிறா. இறுதியாண்டுச் செயற்திட்டத்துக்கு அவ எடுத்தது இந்த ஹோலைத்தான். சுவரோரமாக ஒன்றரை அடி உயரத்தில் ஒரு பலகை மேடை. அறுவடை நேரம் மூட்டை அடுக்கலாம், கீழால காத்துப் போகும், ஈரம் ஏறாது. மூட்டை போனபிறகு ஆக்கள் இருக்கலாம், படுக்கலாம். குசினியில் அம்மம்மா குனியாமல் நின்று சமைக்க உயர்த்தின விறகடுப்பு, மேல புகைபோக்கி. அளவெல்லாம் அம்மம்மாவை நிக்க வைச்சே எடுத்தவ.

"இதுக்கு இன்ஸ்பிரேஷன் எங்க?" எண்டு கேட்டாராம் விரிவுரையாளர். பின்டரெஸ்ட் படம் ஒட்டின மூட் போர்ட் இல்லையாம். வெள்ளைச் சுவர், வெளிர் மரம், பெரிய கண்ணாடி யன்னல் எண்டு ஸ்கண்டினேவிய ஹோல் கொண்டுவந்த இன்னொரு பிள்ளைக்கு நல்ல புள்ளி. அந்தப் பிள்ளையில எங்களுக்குக் கோபமில்லை. ஆனா அந்த வெள்ளைச் சுவர் அங்க ஏன் வந்தது? நோர்வேயில சொந்தக்காரர் இருந்தா கேட்டுப் பாருங்க. மாரியில சில மணித்தியாலம்தான் வெளிச்சம், கிடைக்கிறதைப் பிடிச்சு வைக்கவேணும். கச்சான் காத்து அனலா வீசுற ஆடி மாசத்தில நாங்க வெயிலைப் பிடிச்சு என்ன செய்ய?

இன்ஸ்பிரேஷன் வேணுமெண்டால் கண்டி இருக்கே. 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலை நிறுவனத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் மினெட் டி சில்வா அங்கதான் வேலை செய்தவ. கருணாரத்ன வீட்டுக்குள்ள தும்பறைப் பாய் நெசவைக் கொண்டுவந்தவ. எங்களுக்கு அதைவிடப் பெரிசு 1950களின் கடைசியில் வந்த வத்தபுளுவ வீட்டுத்திட்டம். வரையிறதுக்கு முதல், குடியிருக்கப் போறவங்களிட்ட கேள்விக்கொத்துக் கொடுத்து, எப்படி வாழ்றீங்க, என்ன வேணும் எண்டு கேட்டவ.

கேக்காமல் விட்டா என்ன நடக்கும் எண்டும் பார்த்திட்டம். போருக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு 65,000 இரும்பு வீடு எண்டாங்க. ஆர்செலர் மிட்டல் கம்பனி, ஒரு வீடு கிட்டத்தட்ட 21 லட்சம் ரூபா. 2016இல் மாதிரி வீடும் காட்டினாங்க. இந்த வெக்கைக்கு இரும்புப் பெட்டியா எண்டு எதிர்ப்புக் கிளம்பினது. கடைசியில அந்த 65,000 எழும்பவே இல்லை.

அதுக்காக எல்லாரும் மண்ணுக்கும் கிடுகுக்கும் திரும்புங்க எண்டு சொல்ல வரயில்லை. அகதி முகாமில கிடுகுக்குக் கீழ நனைஞ்ச சனம் டைல்ஸ் போட ஆசைப்படுறது நியாயம். ஆனா நிலாவெளி ஹோட்டலில கிடுகு போட்டா இயற்கை, எங்கட வீட்டில இருந்தா வறுமை. இந்தக் கணக்கை டிசைன் வகுப்பும் அப்படியே படிப்பிக்குது.

தங்கச்சிக்கு ரெண்டு கிழமை தவணை குடுத்திருக்கினம். மூட் போர்ட் கட்டாயமாம். சரி, ஒட்டுவம். மூட்டை அடுக்கின ஹோல்களை வீடு வீடாப் போய்ப் படமெடுத்துக்கொண்டு இருக்கிறம். அம்மம்மா மட்டும் தன்ர படம் வேணாம், அடுப்பை எடு எண்டுட்டா.