எவ்வளவு தூரமோ அவ்வளவு அகலம்

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்கு முதல் லென்ஸ் எது வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வழக்கமாக எவ்வளவு தள்ளி நின்று படம் எடுக்கிறீர்கள்? இதற்குப் பதில் சொல்பவர்கள் குறைவு. எஃப்/1.4 நல்லதா, பின்புலம் எப்படிக் கரையும் என்றுதான் பேச்சு போகிறது. இந்த இதழில் பெரம்பலூர், அரியலூர் படங்கள் அதிகம் என்பதால் அந்த மண்ணை வைத்தே கணக்கைப் பார்த்துவிடலாம்.

35 மி.மீ. லென்ஸுக்கு எளிய வாய்ப்பாடு ஒன்று உண்டு. ஃபிலிம் ஃப்ரேமின் நீளம் 36 மி.மீ. ஆகவே எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறீர்களோ, ஏறக்குறைய அத்தனை மீட்டர் அகலம் படத்தில் விழும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் சுமார் 18 மீட்டர் நீளம். அதை முழுதாக அடக்க 35-இல் பதினெட்டு மீட்டர் பின்வாங்க வேண்டும், 50-இல் இருபத்தைந்து, 28-இல் பதினான்கு. டேப் வேண்டாம், காலடியால் அளந்தால் போதும்.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கணக்கு மாறுகிறது. ராஜேந்திர சோழன் கட்டிய விமானம் 53 மீட்டர் உயரம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாயும். அதன் உள்வளைந்த மேனி, தஞ்சையிலிருந்து அதைப் பிரித்துக் காட்டும் அந்த அழகு, படத்தில் கெட்டுப்போகும். கேமராவை மட்டமாகப் பிடித்தால் அடிவானம் ஃப்ரேமின் நடுவில் நிற்கும், மேல்பாதி மட்டுமே விமானத்துக்குக் கிடைக்கும். நெட்டுவாக்கில் எடுத்தாலும் 35-க்குச் சுமார் நூறு மீட்டர் தேவை, 28-க்கு எண்பது, 21-க்கு அறுபது. விமானத்தின் வடக்கிலும் தெற்கிலும் பிராகாரம் நூறு மீட்டர் இடம் தராது. அதற்காக 21 வாங்கச் சொல்லவில்லை. முழு விமானத்தையும் எல்லோரும் எடுத்தாகிவிட்டது. வடபுறத்துச் சண்டேசானுக்கிரகர் சிற்பத்தின் முன்னால் 50-ஓடு ஒரு காலைப்பொழுது நிற்பவருக்கு வேறு படம் கிடைக்கும்.

ஃபோகஸ் பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை. ரேஞ்ச்ஃபைண்டரின் இரட்டைப் பிம்பம் பக்கவாட்டில்தான் நகரும். அதிஷ்டானத்தின் கிடைக்கோடுகளை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பிம்பம் பொருந்தியதா என்று தெரியாது. அரைத்தூணின் விளிம்பைப் பிடியுங்கள், அல்லது கேமராவை நெட்டுவாக்கில் திருப்பி ஃபோகஸ் செய்யுங்கள். ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் ஒன்றின் பிம்பம் அடுத்ததோடு பொருந்தி ஏமாற்றும்.

இனி எஃப்/1.4 மோகம். உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு எஃப்/16, 1/125 விநாடி சரியான அளவு. அதே வெயிலில் எஃப்/1.4-ஐத் திறக்க 1/16000 விநாடி வேண்டும். ஃபிலிம் லைக்கா எம் உடல்களில் பெரும்பாலானவற்றின் ஷட்டர் 1/1000-ஐத் தாண்டாது. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கப் பாதையிலும் காரை ஓடைகளிலும் பகலில் அந்த லென்ஸ் எஃப்/8-இலும் எஃப்/11-இலுமே வேலை செய்யப்போகிறது. கூத்தும் இரவுத் திருவிழாவும் எடுப்பவர்கள் விதிவிலக்கு. அவர்கள் தாராளமாக வாங்கட்டும். மற்றவர்களுக்கு வோய்க்ட்லாண்டர் கலர்-ஸ்கோபார் 35 எஃப்/2.5 போன்ற சின்ன லென்ஸ் போதும். சட்டைப்பையில் அடங்கும், வ்யூஃபைண்டரின் மூலையை மறைக்காது.

அந்த 35-ஐ எஃப்/8-இல் வைத்து, ஃபோகஸை ஐந்து மீட்டரில் நிறுத்திவிட்டால் இரண்டரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவு. செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயம் அறுப்பவர்களை எடுக்கும்போது வளையத்தைத் தொடவே வேண்டாம். ரேஞ்ச்ஃபைண்டரின் ருசியே இங்கேதான். ஃப்ரேம் கோட்டுக்கு வெளியே இருப்பதும் கண்ணுக்குத் தெரிவதால், கூடை தூக்கி வருபவர் கோட்டுக்குள் காலெடுத்து வைக்கும் கணத்துக்காகக் காத்திருக்கலாம்.

ஆனால் உடலைப் பார்க்காமல் லென்ஸ் வாங்கக் கூடாது. 1954-இல் வந்த லைக்கா எம்3-இன் வ்யூஃபைண்டரில் 35-க்கான கோடே கிடையாது. 50, 90, 135 மட்டும்தான். அதை வைத்திருப்பவர் 50-ஐயே நம்பலாம். ரமணர் மறைந்த 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50-ஐ வைத்தே காலம் தள்ளினார்.

முடியாததையும் சொல்லிவிட வேண்டும். வாரணவாசி அருங்காட்சியகத்தில் இருப்பது போன்ற அம்மோனைட் படிமங்களுக்கு இந்தக் கேமரா சரிப்படாது. 50 மி.மீ. லென்ஸ் 0.7 மீட்டர்வரை நெருங்கினாலும் ஃப்ரேமில் விழுவது சுமார் 42-க்கு 28 செ.மீ. பரப்பு, உள்ளங்கையளவு படிமம் அதில் தொலைந்துபோகும். கரைவெட்டிப் பறவைகளுக்கு 135-உம் எட்டாது. இரண்டுக்கும் எஸ்எல்ஆர் எடுத்துப் போங்கள்.

நம் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்எல்ஆரில் ஷட்டருக்கு முன்னால் கண்ணாடி இருக்கிறது; பழைய ரேஞ்ச்ஃபைண்டரில் இல்லை. லென்ஸ் சூரியனைப் பார்த்தபடி தோளில் தொங்கினால் துணி ஷட்டரில் ஓட்டை விழும். மூடி போடுங்கள், எடுக்கும்போது கழற்ற மறக்காதீர்கள். மூடி இருப்பதை வ்யூஃபைண்டர் காட்டாது. அரியலூரின் சிமென்ட் தூசியைத் துணியால் தேய்க்காமல் முதலில் ஊதி விடுங்கள்.

பழைய லென்ஸ் வாங்குவோர் பணம் கொடுக்கும் முன் இரண்டு வேலை செய்யுங்கள். கைபேசி விளக்கைப் பின்பக்கத்திலிருந்து அடித்து ஃபங்கஸும் மூட்டமும் இருக்கிறதா பாருங்கள். பிறகு உங்கள் சொந்த உடலில் மாட்டி, ஒரு மீட்டர் தூரத்தில் சாய்த்து வைத்த செய்தித்தாளை முழுத் திறப்பில் எடுங்கள். சோவியத் காலத்து ஜூப்பிட்டர்-8 போன்றவை லைக்கா உடலில் கிட்டத்தில் ஃபோகஸ் தப்புவது வழக்கம். நீங்கள் குறிவைத்த வரி மங்கி வேறு வரி தெளிவாக விழுந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.