மகரந்த முன்னறிவிப்பும் நமது தரிசுகளும்

மழை எப்பொழுது பெய்யும், காற்று எத்திசையில் வீசும் என்று முன்கூட்டியே அறிவிப்பதைப் போலக் காற்றில் மகரந்தப்பொடி எவ்வளவு மிதக்கும் என்பதையும் அறிவிக்கும் வழக்கம் பிற நாட்டு நகரங்கள் பலவற்றில் நிலைபெற்றிருக்கிறது. நமது தேசத்தில் சண்டிகர் நகரத்துக்கு 2022ஆம் வருஷத்தில் ஒரு மகரந்த நாட்காட்டி வெளியாயிற்று. அந்நகரத்து மருத்துவப் பட்டமேற்படிப்பு நிலையத்தாரும் பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் காற்றிலுள்ள பொடியைப் பிடித்து எண்ணித் தொகுத்தது அது. வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் மகரந்தம் மிகுகின்றதென்றும், புல்லினங்கள், காட்டுக் கஞ்சா, பார்த்தீனியம், யூகலிப்டஸ், சவுக்கு முதலியவை அதற்குக் காரணமானவையென்றும் அதனால் தெரியவந்தது.

“தும்மலும் மூக்கொழுக்கலும் பட்டணத்தாருடைய விவகாரம், குடியானவனுக்கு இதிலென்ன?” என்று மிராசுதார்கள் கேட்கக்கூடும். மேற்கண்ட பட்டியலை மறுபடியும் ஒருமுறை பார்க்கும்படி வேண்டுகிறேன். அவற்றில் எது நமது வரப்பிலும் சாலையோரத்திலும் தரிசிலும் இல்லாதது? காட்டுக் கஞ்சாவை நீக்கினால் ஏனையவை யாவும் நம்மிடத்தில் உள்ளவையே. பட்டணத்தான் சுவாசிக்கும் பொடியில் ஒரு பங்கு கிராமத்தில் விளைந்ததாகும். அதை முதலில் சுவாசிப்பவன் களத்தில் நிற்கும் ஆளே. அவனுக்கு வருஷந்தோறும் அதே மாதத்தில் கண் சிவந்து, மூக்கொழுகி, இரவில் இரைப்புக் காண்கிறது. அதற்கு ஜலதோஷமென்று பெயரிட்டுக் கஷாயம் குடித்துவிட்டுக் கிடக்கிறான். அறுவடைக் காலத்தில் பத்து ஆளில் இரண்டு ஆள் வேலைக்கு வராமற்போனால் நஷ்டம் யாருக்கென்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

மகரந்தத்தை எண்ணுவதற்கு உலகெங்கும் கைக்கொள்ளப்படும் யந்திரம் வைத்தியர்களுக்காகச் செய்யப்பட்டதன்று என்பது பலருக்குப் புதுமையாக இருக்கலாம். பயிர் நோய்களைப் பரப்பும் காளான் வித்துக்களைப் பிடிப்பதற்காக, இங்கிலாந்திலுள்ள ரோதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் ஹெர்ஸ்ட் என்பவர் 1952இல் அதை அமைத்தார். நிமிஷத்துக்கு 10 லிட்டர் காற்றை அது உள்ளிழுக்கும். உள்ளே பசை தடவிய கண்ணாடித் தகடு மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் மெல்ல நகரும். காற்றில் வந்த துகள் அதில் ஒட்டிக்கொள்ளவே, எந்த மணி நேரத்தில் எது வந்ததென்று பிற்பாடு மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ணி, ஒரு கன மீட்டர் காற்றுக்கு இத்தனை என்று கணக்கிடுகிறார்கள். இவ்வாறு விவசாயத்திலிருந்து வைத்தியம் கடன் வாங்கிய கருவி இது. நமது விவசாயக் கல்லூரிகளில் பயிர்நோய்ப் பகுதியினர் வித்துக்களை எண்ணுவதில் பழகியவர்கள். ஆகையால் புதிதாக ஒரு கூட்டத்தாரைப் பயிற்ற வேண்டுமென்ற தடையும் பெரியதன்று.

கண்ணைக் கவரும் பூக்களின்மேல் பழி சுமத்தும் வழக்கம் நம்மவரிடம் உண்டு. மாம்பூவையும் இலவம்பஞ்சையும் குறை கூறுவோர் பலர். நிறமும் மணமும் உள்ள பூ பூச்சிகளை அழைக்கின்றது, அதன் பொடி பெரும்பாலும் கனமும் பிசுபிசுப்பும் உள்ளது, தொலைதூரம் போகாது. இலவம்பஞ்சோ மகரந்தமே அன்று. நெல்லும் கோதுமையும் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறுபவை. மக்காச்சோளத்தின் பொடி பருமனாகையால் கிட்டத்திலேயே விழுந்துவிடும். ஆகவே பயிரை நாம் அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. யாரும் பூவென்று மதிக்காத புல்லும், முள்ளுக்கீரையும், பார்த்தீனியமும், சீமைக்கருவேலமுமே கவனிக்கத்தக்கவை.

இப்பொடி உயிருக்கும் தீங்காகுமோவெனில், ஆகும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்தில் 2016 நவம்பர் 21ந் தேதி மாலையில் இடிமழையோடு காற்றடித்தபொழுது, சுற்றுப்புறத்து மேய்ச்சல் நிலங்களின் ரைப்புல் மகரந்தம் ஈரத்தால் வெடித்து நுண்துகளாகிச் சுவாசப்பைக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிகளுக்கு ஓடினர். 10 பேர் இறந்தனர். அதன் பின்னரே அந்த மாகாணத்தார் இத்தகைய நாட்களை முன்னறிவிக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள்.

சண்டிகரின் நாட்காட்டியை அப்படியே எடுத்து நம் சுவரில் மாட்டிக்கொள்ளலாகாது. அங்கே ஆனி, ஆடியில் தொடங்கும் பருவமழையே பிரதானம். நமக்கோ ஐப்பசி மழையே பெரும்பான்மை. அன்றியும் நாட்காட்டி என்பது சராசரியைக் கூறுவது. நாளைக்கு எப்படியென்று கூறாது. அதற்கு வானிலையும் வேண்டும், செடியின் நிலையும் வேண்டும். பெய்யும் மழை அன்றைக்குப் பொடியைக் கழுவி இறக்குகிறது. அதே மழை களையை முளைப்பித்து அடுத்த மாதத்துப் பொடிக்கு வித்திடுகிறது. பார்த்தீனியம் முளைத்துச் சற்றேறக்குறைய ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்திற்குள் பூத்துவிடும். ஆதலால் நல்ல மழை பெய்த தேதியை அறிந்தவன் பூக்கும் வாரத்தையும் ஒருவாறு அறிந்தவனாவான். 1955இல் பூனாவில் முதலில் கவனிக்கப்பட்ட இந்தச் செடி இன்று எந்தத் தாலூகாவையும் விடவில்லை. அதன் மகரந்தம் மூக்கு நோய்க்குக் காரணமாவது பெங்களூர் ஆராய்ச்சிகளில் காணப்பட்டது. அதைத் தின்னும் மெக்ஸிகோ நாட்டு வண்டை 1984இல் அங்கே விட்டார்கள். வண்டு தன்னாலியன்றதைச் செய்கிறது, ஆனால் வரப்பை அதன் பொறுப்பில் விட்டுவிட முடியவில்லை.

கிராம அதிகாரிகளிடம் நான் கேட்பது ஒன்றுண்டு. அடங்கலில் புல எண் வாரியாகப் பயிரைப் பதிகிறோம். பயிரில்லாத இடத்தில் “தரிசு” என்றெழுதி அடுத்த புலத்துக்குப் போய்விடுகிறோம். காற்றில் மிதக்கும் பொடிக்கு அந்தத் தரிசே விளைநிலம். அங்கே பார்த்தீனியமா, சீமைக்கருவேலமா, வெறும் புல்லா என்று ஒரு சொல் கூடச் சேர்த்தெழுதவும், முதற்பூ கண்ட தேதியைக் குறிக்கவும் அதிகச் சிரமமில்லை. ஏற்கெனவே வேலைச்சுமை மிகுதியென்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆகவே தொடக்கத்தில் பட்டணத்தை அடுத்த சில கிராமங்களில் மட்டும் செய்தால் போதும். வேளாண் வானிலை அறிக்கை வாரம் இருமுறை வெளிவருகிறது. அதில் மகரந்தத்துக்கென இரண்டு வரி இடம்பெற வேண்டுமானால், எங்கே என்ன பூத்திருக்கிறதென்ற செய்தி கிராமத்திலிருந்தே போயாக வேண்டும்.

நிலமுடையோர் அதற்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. மழைக்குப் பின் மூன்றாம் வாரத்தில், மண் ஈரமாயிருக்கையில், கையுறையிட்டு வேரோடு பிடுங்கினால் செலவும் குறைவு, ஆளுக்கும் கெடுதியில்லை. பூத்த பின் பிடுங்கச் சொல்லுகிற வழக்கத்தைப் பல ஊர்களில் காண்கிறேன். அப்பொழுது பிடுங்குகிறவன் மூக்கிலேயே பொடி கொட்டுகிறது. செடியொன்றுக்கு ஆயிரக்கணக்கான விதை நிலத்திலும் உதிர்கிறது. இரைப்பு உள்ள ஆட்களை அந்த வேலைக்கு அனுப்பவே கூடாது. வறண்ட காற்று வீசும் காலை வேளைகளில் அவர்களுக்குப் புல் செதுக்கும் வேலையையும் தவிர்த்து வேறு வேலை கொடுக்கலாம்.